ஃப்ரீ கம்மியா காட்டினா ரேம் தீந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல

அண்ணா, செவ்வாப்பேட்டை கொலுசு பட்டறைக்காரருக்கு நீங்க சொன்ன யோசனை தப்பு, அவர் அப்படியே செஞ்சிடுவாரோன்னுதான் எழுதறேன். 2 ஜிபி லேப்டாப்புல லுபுண்டு (லேசான லினக்ஸ் வகை) போட்டும், ஃப்ரீ கமாண்டு அடிச்சா ஃப்ரீங்கற கட்டத்துல 90 எம்பிதான் இருக்கு, லினக்ஸ் ரேமை முழுங்குது, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கேஷ் (டிஸ்க்ல படிச்சதை ரேமுல வச்சிருக்கற நகல்) கிளியர் ஆகற மாதிரி க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா வேலை ஓட்டறது) போடுங்கன்னு சொல்லிருக்கீங்க. பார்க்க வேண்டியது ஃப்ரீ இல்லண்ணா, கடைசியில அவைலபிள்னு ஒரு கட்டம் இருக்கே அதுதான், ஏன்னா சும்மா கிடக்கற ரேமுல டிஸ்க்ல படிச்சதை கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வச்சுக்கும், புரோகிராம் ஏதாவது கேட்டா அதுல பெரும்பகுதியை உடனே விட்டுக்குடுத்துடும். இந்தக் குழப்பத்துக்காகவே 2014ல, 3.14 கெர்னல்ல, மெம்அவைலபிள்னு தனி கணக்கே சேர்த்தாங்க. கேஷை துடைச்சுக்கிட்டே இருந்தா பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் மறுபடி படிக்கணும், பில் போடற சாஃப்ட்வேர் இன்னும் நொண்டும், பாவம் அவரு.

ரேம் நெசமாவே பத்தலையான்னு தெரிய டெர்மினல்ல விஎம்ஸ்டாட் 1னு அடிச்சு விட்டுட்டு வேலையப் பாருங்க, எஸ்ஐ எஸ்ஓ (டிஸ்க்ல இருக்கற ஸ்வாப்புலேர்ந்து ரேமுக்கு வர்றது, ரேமுலேர்ந்து அங்க போறது) ரெண்டுலயும் நம்பர் விடாம ஓடினா பத்தலைதான், அப்போ இசட்ரேம் (ரேமுக்குள்ளயே டேட்டாவை சுருக்கி வைக்கறது) போடலாம்.

சிஸ்டத்தை இளைக்க வைக்கணும்னா ப்ளூடூத், மாடம்மேனேஜர் (டாங்கிள் நெட்டைப் பார்த்துக்கறது, டாங்கிள் போடலேன்னா) நிறுத்தலாம். ஸ்னாப்பையும் (சாஃப்ட்வேர் போடற ஒரு முறை) எடுக்கலாம், ஆனா ஃபயர்ஃபாக்ஸ் அதுலதான் வருது, முதல்ல ஃபயர்ஃபாக்ஸை டெப்பா (வழக்கமான பேக்கேஜா) மாத்திக்கணும். கப்ஸை (பிரிண்ட் வேலையைப் பார்த்துக்கற சர்வீஸ்) மட்டும் தொட வேண்டாம், பில் பிரிண்டர் ஓடறதே அதுலதான்.