சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கினால் அது சொத்து ஆகாது

டர்பன், சாட்ஸ்வர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கம்பெனி தன் பங்கையே வாங்கினால் அது அதன் சொத்து, விலை ஏறினால் லாபம் கணக்கில் சேரும்."

இது தவறு. சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 32, 33-ஆம் பத்தியைப் பாருங்கள். 100 ரேண்டுக்கு வாங்கினால் ரொக்கம் 100 குறையும், பங்குதாரர் மூலதனமும் 100 குறையும். அப்புறம் விற்றாலும் லாப நட்டம் காட்டக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பிரிவு 35(5) இன்னும் தெளிவு: திரும்ப வாங்கிய பங்கு, வெளியிடப்படாத பங்காகிவிடும். ஒரு கம்பெனியின் துணை நிறுவனங்கள் எல்லாம் சேர்த்து அந்தத் தாய் கம்பெனியின் பங்குகளில் 10 சதவீதம் வரை வைத்திருக்கலாம். அதற்கும் வாக்குரிமை கிடையாது.

ஓய்வுப் பணத்தைப் போட நினைக்கும் பெரியவர்கள் அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிவிடுவார்களே என்பதுதான் என் கவலை. தயவுசெய்து அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.