வாட்டர்ப்ரூஃப் ஷூ பற்றி ஒரு திருத்தம்

"கரடுமுரடான பாதையில் வேகமாக நடக்க வாட்டர்ப்ரூஃப் லைட் ஷூதான் வாங்க வேண்டும், அப்போதுதான் கால் நனையாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாக ஷூ வாங்குபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

இந்த ஷூக்களின் துணிக்கு உள்ளே இருக்கும் கோர்டெக்ஸ் (Gore-Tex) போன்ற நீர்புகாப் படலம் வெளித் தண்ணீரைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் இந்த ஷூக்கள் கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன. ஓடையில் ஒரு தடவை கால் வைத்தால் மேல் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். நல்ல மழையில் காலுறையே திரிபோல நீரை உள்ளே இழுத்துவிடும். அப்புறம் அதே படலம் அந்தத் தண்ணீரை வெளியே விடாது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலுக்கடியில் சளக் சளக் என்று சத்தம், ஊறிப்போன தோல், அடுத்து கொப்புளம். வெயிலில் வேர்வையும் சரியாக வெளியேறாது. வெளித்துணி ஊறிவிட்டால் ஆவி வெளியேறுவது இன்னும் குறையும்.

படலம் இல்லாத மெஷ் (வலைத்துணி) ஷூ சட்டென்று நனையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடக்க நடக்கவே தண்ணீர் பெரும்பாலும் வலை வழியாகப் பிதுங்கி வெளியேறிவிடும், சீக்கிரம் காயும், எடையும் பொதுவாகக் குறைவு. கூடவே மெல்லிய மெரினோ கம்பளிக் காலுறை ஒன்று மாற்றுக்கு இருந்தால் போதும்.

பனியிலும் கடுங்குளிரிலும் வாட்டர்ப்ரூஃப் எடுங்கள், அங்கே ஈரக்கால் ஆபத்து. மற்றபடி கோடையில், ஓடைகள் குறுக்கிடும் பாதைக்கு, தயவுசெய்து மெஷ் ஷூவையே முதலில் போட்டுப் பாருங்கள்.