சொன்ன நேரம் வரை கோடு இருக்கணும்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் மெதுவாக ஓடி வந்த ஓர் அம்மா வந்து சேர்வதற்குள் முடிவுக் கோட்டு வளைவை இறக்கிவிட்டதைப் பற்றி எல்லாரும் பேசி ஓய்ந்துவிட்டீர்கள், தெரியும். வீடியோவும் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. எனக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேர் கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா வந்தபோது கட்-ஆஃப், அதாவது ஓட்டத்தை முடிக்கக் கொடுத்திருந்த நேரம், முடியவில்லை. சட்டையில் குத்திக்கொள்கிற எண் அட்டையான பிப்போடு சேர்த்துக் கொடுத்த தாளில் என்ன நேரம் அச்சடித்திருந்தார்களோ, அதற்குள்தான் வந்தார். அவர் தாமதமாக வரவில்லை, அமைப்பாளர்கள்தான் முன்கூட்டியே வளைவை இறக்கிவிட்டார்கள். "நேரத்துக்கு வர முடியாதவங்க எதுக்குப் பதிவு பண்றாங்க" என்று கேட்கிறவர்கள் முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

வளைவு போனால் போகட்டும். வெறும் காற்றடைத்த துணிதான் அது. கூடவே கோட்டில் விரித்திருந்த, நேரத்தைப் பதிகிற டைமிங் மேட்டையும் சுருட்டிவிட்டார்கள் பாருங்கள், கோபம் அங்கேதான் வருகிறது. மேட் இல்லையென்றால் பிப்பில் இருக்கிற சிப் பதியாது. சிப் பதியாவிட்டால் முடிவுப் பட்டியலில் நேரம் வராது. முழுத் தூரத்தையும் தன் காலால் கடந்த ஒருவருக்குப் பட்டியலில் "முடிக்கவில்லை" என்று போட்டிருக்கிறார்கள்.

என் அக்காவுக்கு இதே நடந்திருக்கிறது. வேறொரு ஊர், வேறொரு ஓட்டம், 42 கிலோமீட்டர். நாற்பது வயதுக்கு மேல், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓட ஆரம்பித்தவள். கடைசி அலையில், அதாவது கடைசியாகக் கிளம்புகிற கூட்டத்தில், நிறுத்தியிருந்தார்கள். முன்னால் இருந்த கூட்டம் நகர்ந்து இவள் தொடக்கக் கோட்டை மிதிக்கவே நெடுநேரம் ஆனது. கட்-ஆஃப் கடிகாரமோ ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அவரவர் கோட்டை மிதித்ததிலிருந்து எண்ணுகிற சிப் நேரம் ஒன்று, துப்பாக்கி நேரம் ஒன்று. மெதுவாக ஓடுகிறவர்களைத்தான் பின்னால் நிற்க வைக்கிறார்கள், அந்தக் காத்திருப்பையும் அவர்கள் கணக்கிலேயே கழிக்கிறார்கள்.

முப்பதாவது கிலோமீட்டருக்கு அப்புறம் தண்ணீர் மேசைகளை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். வாலண்டியர் பையன் ஒருத்தன் இவளைப் பார்த்துவிட்டு லாரியிலிருந்து குதித்து, டேப் ஒட்டிய அட்டைப்பெட்டியைப் பல்லால் கிழித்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் நல்லா இருக்கணும். முடிவுக் கோட்டில் மேட் இல்லை, அதை ஒட்டியிருந்த டேப்பின் பிசின் மட்டும் தார் ரோட்டில் இருந்தது. மெடலை பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "நான் முடிச்சேன்னு இனி யார்கிட்டடா காட்டுறது?"

"ரோட்டை எவ்வளவு நேரம்தான் மூடி வைப்பது, ஆம்புலன்ஸ் போக வேண்டாமா" என்கிறார்கள். நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் முடிகிற அளவுக்கு மட்டும் நேரம் கொடுங்கள், அதைத் தெளிவாக அறிவியுங்கள். ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரம். முடியாதவர்கள் வேறு ஓட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பணத்தை வாங்கும்போது ஒரு நேரம், வளைவை இறக்கும்போது ஒரு நேரம் என்று இருக்கக் கூடாது. வாலண்டியர்கள் களைத்துப்போகிறார்கள் என்றால் இரண்டு ஷிஃப்ட் போடுங்கள். அதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

கட்-ஆஃபே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரிக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் என்று ஓர் ஓட்டம், 1921-லிருந்து நடக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரம். நேரம் முடிகிற நொடியில் ஒருவர் ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு துப்பாக்கியால் சுடுவார். யார் முகத்தையும் பார்த்து இரக்கப்படக் கூடாது என்பதற்காக. ஒரு நொடி தாமதித்தாலும் மெடல் கிடையாது. அவ்வளவு கடுமை. ஆனால் அந்தக் கடைசி நொடி வரை கோடு இருக்கும். முதல் ஆள் வந்து பல மணி நேரம் ஆன பிறகும் கூட்டம் கலையாமல் நின்று கத்தும். நான் கேட்பது இந்தக் கடுமையைத்தான், சலுகையை இல்லை.

அடுத்தது "பயிற்சி எடுத்துட்டு வரணும்" கூட்டம். இவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2023-இல் சிகாகோ மாரத்தானைக் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் முடித்தார். அதே நாள், அதே பாதையில் ஓடிய மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த நேரம் ஆறரை மணி. இரண்டு மணி நேரம் ஓடுகிறவரைவிட ஆறு மணி நேரம் ஓடுகிறவர் மூன்று மடங்கு நேரம் ரோட்டில் இருக்கிறார். காலைக் குளிர்ச்சியெல்லாம் முன்னால் போகிறவர்களுக்கு, உச்சி வெயில் இவருக்கு. எலைட் ஓட்டக்காரர்களுக்கு அவரவர் பாட்டில் பெயர் எழுதி மேசையில் காத்திருக்கும். இருக்கட்டும், அது அவர்கள் உழைப்புக்கு உரியது, அதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற ஆள் வரும்போது மேசையே இல்லையென்றால் அது ஆபத்து. 2007-இல் இதே சிகாகோவில் வெயில் ஏறி, தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஓடியவர்கள் புகார் சொன்னார்கள், ஓட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

"மெதுவா ஓடறவங்களால ஓட்டத்துக்கே மதிப்புப் போச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் மதிக்கிற ஆள் அவர், அதனால்தான் ரொம்ப வலித்தது. ஐயா, 1970-இல் நியூயார்க்கின் முதல் மாரத்தானில் கிளம்பியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். இன்று அங்கே 50,000 பேருக்கு மேல் முடிக்கிறார்கள். அத்தனை பேரும் வேகமானவர்களா? வேகமானவர்களுக்குப் பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரதாரர்கள் யாரைப் பார்த்து வருகிறார்கள்? பின்னால் வருகிற இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

2019-இல் லண்டன் மாரத்தானில் ஏழரை மணி நேரக் குழுவோடு கூடவே ஓடி வேகத்தைக் காட்டி வழிநடத்திய பேசரே (pacer) வெளியே வந்து சொன்னார், கடைசியில் வந்தவர்களைத் துப்புரவுப் பணியாளர்கள் உடம்பைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். இங்கே மன்னிப்பும் இல்லை, ஒரு வரி விளக்கமும் இல்லை. கேலி செய்தது யாரோ வெளியாள் என்றாலாவது மனசு ஆறும். நம்மோடு சேர்ந்து விடிகாலையில் ஓடுகிறவர்களே செய்கிறார்கள். அந்த அம்மாவின் இடுப்பைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஷிசோ கனகுரி வெயில் தாங்காமல் மாரத்தானின் பாதியில் விலகி, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். 1967-இல் ஸ்வீடன்காரர்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஓட வைத்து, முடித்ததாக அறிவித்தார்கள். நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், சில மணி. அரை நூற்றாண்டு கழித்து வந்தவருக்கும் ஒரு கோடு இருந்தது. நேரத்துக்குள் வந்தவருக்கு இங்கே இல்லை.

அமைப்பாளர்களுக்கு நேற்று எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் ஜிபிஎஸ் பதிவை வாங்கிப் பார்த்து அவர் நேரத்தைப் பட்டியலில் சேருங்கள். அடுத்த வருஷம் கட்-ஆஃபைக் கடைசி ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுங்கள். அந்த நேரம் முடியும்வரை மேட்டையும் தண்ணீரையும் தொடாதீர்கள். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை நான் பதிவுக்குப் பணம் கட்டுவதாக இல்லை. கட்டப்போகிறவர்கள், கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் நீங்களும் கேளுங்கள்.