நானே பிரிச்சுட்டேன்

வேலூரில் ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டுக்கு ஆறு இடம். இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன், ஒரு கம்ப்யூட்டர். கல்கத்தா, ராஞ்சி, கௌஹாத்தி, டாக்கா என்று எங்கெங்கிருந்தோ காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் நாளே ஜெராக்ஸ் தேவைப்படும். லாட்ஜில் ரூம் போடவே ஆதாரோ பாஸ்போர்ட்டோ நகல் வேண்டுமே. எங்கள் சந்தில் இட்லி விற்கிற அக்காவுக்குக்கூட வங்காளம் வரும். எனக்கும் கடைக்குத் தேவையான அளவு வரும்.

ஜெராக்ஸ்காரனுக்கு அரசியல் பதிவு எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நாட்டில் மக்களிடம் புதிதாக எந்தக் காகிதத்தைக் கேட்கிறார்கள் என்பது டிவிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு தகுதிதான்.

2019 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. நாடு முழுக்கத் தேர்தல் முடிந்து ஆட்சியும் அமைந்த பிறகு, எங்கள் வேலூர் தொகுதிக்கு மட்டும் அன்று வாக்குப்பதிவு. ஏப்ரலில் நடந்திருக்க வேண்டியது. ஓட்டுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகக் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்தார்கள். இந்தியாவிலேயே பணத்துக்காக நின்றுபோன முதல் மக்களவைத் தேர்தல் எங்களுடையது. கோட்டை, கத்திரிக்காய் வரிசையில் இந்தப் பெருமையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொசப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர் போனைப் பார்த்துவிட்டு, "காஷ்மீர் மேட்டரு முட்ச்சிட்டாங்கபா" என்றார். காஷ்மீருக்குத் தனி அந்தஸ்து கொடுத்த 370-வது பிரிவு போனது. ஒரு மாநிலமே இரண்டு யூனியன் பிரதேசமாக ஆனது. அந்த மாநிலத்தின் சட்டமன்றம் அதற்கு முந்தைய நவம்பரிலேயே கலைக்கப்பட்டிருந்தது, கேட்டுச் சொல்ல ஆளே இல்லை. முன்னாள் முதலமைச்சர்கள் மூன்று பேர் காவலில். போன் இல்லை, நெட் இல்லை. பிறகு 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 370-ஐ நீக்கியது செல்லும் என்று சொல்லிவிட்டது, தெரியும். நான் சட்டம் பேசவில்லை. அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து என் விரல் மையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. ஓர் இடத்து மக்களைக் கேட்காமலே அவர்கள் மாநிலத்தை மாற்றிய அதே நாளில், எங்களிடம் பயபக்தியோடு விரலை நீட்டச் சொல்லி மை வைத்தார்கள். 8,141 ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்தார். ஊர் முழுக்க அந்த வாரம் பேச்சு அந்த எண்ணைப் பற்றித்தான். நானும் அதைத்தான் பேசினேன்.

அதே மாதம் அஸ்ஸாமிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவுக்கு இதய வால்வு கோளாறு. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. திறந்தால் பாதி எக்கோ, ஈசிஜி. மீதிப் பாதி 1951 குடிமக்கள் பதிவேட்டு நகல், தாத்தாவின் நில ரசீது, அம்மாவின் பள்ளிச் சான்று. எல்லாவற்றிலும் மூன்று மூன்று காப்பி கேட்டார். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று வெளிநாட்டவர் தீர்ப்பாயத்துக்கு, மூன்றாவது எதற்கு என்றேன். வெள்ளம் வந்தால் வீட்டில் இருப்பது போய்விடும், உறவுக்காரர் வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்றார். 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்ததை அவர் காட்ட வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று வந்த அஸ்ஸாம் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் விடுபட்டிருந்தது. அவர் அதில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்.

'பாசிசம்' என்று எழுதப் போகிறேன் என்றதும் என் மச்சான் சிரித்தான். விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய் கேலி செய்ததற்கு அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னாலே "பாயாசமா மாமா?" என்கிறார்கள். அவன் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. கரன்ட் போனால் பாசிசம், வார்டு கவுன்சிலர் திட்டினால் பாசிசம் என்று நாமே அதைப் பாயாசமாகக் கரைத்துவிட்டோம். இத்தாலியில் அது ஒரு குச்சிக்கட்டின் பெயரிலிருந்து வந்தது. கோடரியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய குச்சிகள். ஒற்றுமை என்றால் நமக்கெல்லாம் பிடிக்கும், நடுவில் கோடரி இருப்பதைக் கவனிக்க மாட்டோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2021 ஜூலை 5 அன்று ஸ்டேன் சாமி இறந்தார். திருச்சி மாவட்டத்துக்காரர், 84 வயது, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார். முந்தின வருஷம் அக்டோபரில் ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கிற கப்பும் ஸ்ட்ராவும் வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டார். பதில் சொல்லவே வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஜாமீன் கிடைக்காமல், விசாரணைக் கைதியாகவே போய்ச் சேர்ந்தார். என் கடைக்குப் பக்கத்து மெடிக்கலில் அந்தக் கப் கயிற்றில் கோத்துத் தொங்கும். நோயாளிகள் தினம் வாங்கிப் போவார்கள். அன்றைக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து நீளமாக ஒரு பதிவு போட்டேன். காலை ஆறு மணிக்கு எழுந்து அழித்துவிட்டேன். யாரும் மிரட்டவில்லை. ஒரு கமென்ட்கூட வந்திருக்கவில்லை. ஆபீஸ் ஒன்றுக்கு மொத்தமாகக் காப்பி எடுத்துக் கொடுக்கிற ஆர்டர் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அங்கே யாராவது பார்த்தால் என்று நானாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இதை நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், பேச்சுவாக்கில் சொன்னேன். அப்போது அவர் படுக்கையோடு இருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

நைனா மண்டித் தெரு பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர். நெருக்கடி நிலைக் காலம், 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தார்கள். அடுத்த நாளிலிருந்தே மிசா தடுப்புக் காவல் சட்டத்தில் ஆட்களை அள்ளினார்கள். பிப்ரவரியில் ஒரு பையன் பிட் நோட்டீஸ் மேட்டர் கொண்டுவந்திருக்கிறான். "பதினோரு பேரு. எல்லாம் நம்ம பக்கம் புட்ச்சிகினு போனவங்க. பேரு, அப்பா பேரு, தெரு. ஒழிக இல்ல, வாழ்க இல்ல, வேற ஒரு வரி கெடையாது. ஆளு காணம்னு தெரியட்டும்னு போடறாங்க." ஓனர் போன பிறகு ராத்திரி தனியாக உட்கார்ந்து ஸ்டிக்கில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, கேலி என்கிற தட்டில் ஏற்றிவிட்டார். அச்சடிக்கிற எந்தத் தாளானாலும் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது அப்போது இருந்த வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். "அந்தக் கடைசி வரிய கோக்கச் சொல்லோ கை நின்னுச்சுபா."

விடிவதற்குள் கோத்த எழுத்தை எல்லாம் பிரித்து, டைப் கேஸ் பெட்டியில் அதது அறையில் போட்டுவிட்டார். பையனிடம் ஈயம் பத்தவில்லை என்று சொல்லி அனுப்பினார். "போலீஸ் வர்ல. ஓனருக்கே தெரியாது. என்னிய யாரும் ஒரு வார்த்த கேக்கல. நானே பிரிச்சுட்டேன்."

1977-ல் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை அடிக்க அதே அச்சகத்துக்கு வந்தாராம். நைனா புரூஃப் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

நெருக்கடி நிலையைப் பற்றி நமக்குச் சொல்லப்படுகிற கதையில் எப்போதும் சிறைக்குப் போனவர்கள்தான் வருகிறார்கள். நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் போனார்கள், உண்மை. ஆனால் அந்த 21 மாதம் ஓடியது அவர்களால் அல்ல, ராத்திரியில் எழுத்தைப் பிரித்துப் போட்ட லட்சக்கணக்கான நைனாக்களால். உச்ச நீதிமன்றத்திலேயே 1976 ஏப்ரல் 28-ல் ஐந்து பேரில் நான்கு பேர், காவலில் வைக்கப்பட்டவன் தன் உயிர்ச் சுதந்திரத்துக்காகக்கூடக் கோர்ட்டுக்கு வர முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று அதே கோர்ட் வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆகிவிட்டது. தமிழ்நாடு அப்போது எப்படி ஓட்டுப் போட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். 1977-ல் வடக்கே இந்திராவைத் துடைத்துப் போட்டார்கள். இங்கே அவர் கட்சி இருந்த கூட்டணிதான் பெரும்பாலான தொகுதிகளில் ஜெயித்தது. நாம் பிறவி ஜனநாயகவாதிகள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள்.

ஜெர்மனியிலும் இதே கணக்கு. 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லர் கட்சிக்கு ஓட்டு குறைந்தது, 33 சதவீதம்தான். பெரும்பான்மை இல்லாத அந்த ஆளை, கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பெரிய மனிதர்கள்தான் 1933 ஜனவரி 30-ல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிப்ரவரி 27-ல் பாராளுமன்றம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, கூட்ட உரிமை எல்லாம் நிறுத்தம். மார்ச் 23-ல் பாராளுமன்றமே தன் அதிகாரத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தது. 444 பேர் ஆமாம், 94 பேர் இல்லை. மொத்தம் 52 நாள். ஒரு மண்டலம் விரதம் இருப்பதற்கு மேல் நாலு நாள். ஆமாம் போட்டதில் நடுநிலைக் கத்தோலிக்கக் கட்சியும் உண்டு, வாய்வார்த்தை வாக்குறுதியை நம்பி. ஜூலை 5-ல் அந்தக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதைப் படித்தபோது எனக்கு மண்டித் தெரு டைப் கேஸ்தான் கண்ணில் வந்தது.

எல்லாம் டெல்லியிலிருந்துதான் வருகிறது என்று நம்புவது சௌகரியம். 2018 மே மாதம் போளூர் பக்கம், பழைய வட ஆற்காடு மண்ணில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயசு அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அதுதான் குற்றம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிய ஒரு வதந்தி. அடித்தவர்கள் எந்தக் கட்சியின் குண்டர்களும் இல்லை, நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள். அந்த வதந்தி எனக்கும் வந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை, ஆனால் பொய் என்று குரூப்பில் சொல்லவும் இல்லை. அதே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதற்கு உத்தரவு எந்த வட நாட்டிலிருந்தும் வரவில்லை. இந்திய மண்ணின் மேல் ஜனநாயகம் ஒரு மேல்பூச்சுதான், அடியில் இருக்கிற மண் ஜனநாயகமானது இல்லை என்று அம்பேத்கர் 1948-லேயே அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குப் போகிற வழி என்று மறு வருஷம் எச்சரித்தார். அவர் பெயரில் இருந்த மாவட்டம்தான் எங்களுடையது, வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தொண்ணூறுகளில் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது அதுவும் போனது. கட்அவுட் மட்டும் போகவில்லை.

எதிர்த்தவர்களும் இங்கே இருந்தார்கள். அதற்கு 1806 சிப்பாய் எழுச்சிக்கு ஓட வேண்டியதில்லை (எங்கள் ஊரில் மைக் பிடித்தாலே அங்கேதான் தொடங்குவார்கள்). 1991-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தோல் கழிவுக்கு எதிராக நேராக உச்ச நீதிமன்றம் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பாதி வீட்டுக்கு அடுப்பு எரிவதே தோலில்தான். அதை வைத்துக்கொண்டே பாலாற்றுக்காகக் கேஸ் போட்டார்கள். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதைக் கோர்ட் பதிவு செய்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்புதான், கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது. சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். பாலாறு இன்னும் நாறுகிறது, அதுவும் உண்மைதான். ஆனால் ஐந்து வருஷம் ஒரு மனுவைப் பிரித்துப் போடாமல் வைத்திருந்தார்களே, அது சும்மா இல்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உன் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எங்கே என்று படிவத்தில் ஒரு பகுதி. கடைக்கு முன்னால் ஒரு பெஞ்ச் போட்டேன். பழைய பட்டியலைக் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை (ஜெராக்ஸுக்கு வாங்கினேன், நானும் கரன்ட் பில் கட்ட வேண்டும்). பீடி சுற்றுகிற ஒரு பாட்டியம்மா வந்தார். ஓர் அட்டையில் அவர் பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. "நா இருக்கறன்னு நாந்தானே சொல்லணும், இந்தத் தாளு இன்னாத்துக்கு?" என்றார். அஸ்ஸாம்காரர் கோப்பு ஞாபகம் வந்தது. பாட்டிக்கும் மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு முந்தின மாதம், அக்டோபரில், அணைக்கட்டுப் பக்கம் எங்கள் சொந்த ஊர்க் கிராம சபைக்குப் போனேன். வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது. கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் டீக்கடைக்குப் போவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். இந்த முறை உட்கார்ந்தேன். ஏரிக்கால்வாய் தூர்வாரியதற்கு எவ்வளவு செலவு, யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், இவனுக்கு இன்னா ஆச்சு என்பது தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா வேட்டியைப் பிடித்து இழுத்தார். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதவில்லை. நானே வாங்கி எழுதி, அடியில் என் பெயரையும் ஊரையும் போட்டேன். கை நிற்கத்தான் செய்தது.

அடுத்த கூட்டத்தில் கணக்கு சொல்கிறோம் என்றார்கள். நவம்பர் கூட்டத்தில் சொல்லவில்லை, ஜனவரி 26-லும் சொல்லவில்லை. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் இருக்கிறது. அன்றைக்குக் கடை லீவு.

நைனா போன வருஷத்துக்கு முந்தின தை மாதம் போய்விட்டார். அந்தப் பதினோரு பெயரையும் கடைசி நாட்களில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பத்து வந்தது.