கிட்டாரில் ஸ்க்ராட்ச் செய்தவர்

ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பேச்சு வந்தாலே "ராப்பையும் மெட்டலையும் கலந்தவங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஏற்புடையதாகவே இல்லை. கலப்பு அவர்களுக்கு முன்பே நடந்துவிட்டது. 1991-லேயே மெட்டல் குழு ஆந்த்ராக்ஸும் ராப் குழு பப்ளிக் எனிமியும் சேர்ந்து 'பிரிங் த நாய்ஸ்' பாடலை மறுபடி பதிவு செய்தார்கள். அருமையான பாட்டுதான். ஆனால் அதில் ராப் ஒரு பக்கம் ஓடும், கிட்டார் ஒரு பக்கம் ஓடும். ரேஜில் கிட்டாரே ஹிப் ஹாப் பேசும்.

ரேஜின் கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோவின் கை வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கிட்டாரில் இரண்டு பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பாகம். ஒன்றின் வால்யூமை முழுசாக ஏற்றி, மற்றதைப் பூஜ்யத்தில் வைத்துவிடுவார். பிக்கப் மாற்றும் சின்ன ஸ்விட்சைத் தட்டத் தட்ட சத்தம் வரும், போகும், வரும். ஒரு கை தாளத்துக்கு அதைத் தட்டும்போதே இன்னொரு கை கம்பிகளைப் பரபரவென்று தேய்க்கும். டிஜே ஒரு கையால் ரெக்கார்டை முன்னும் பின்னும் இழுத்து, மறு கையால் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்) வெட்டி 'ஸ்க்ராட்ச்' செய்வார் இல்லையா, அப்படியே அது. 1996-ல் வந்த 'புல்ஸ் ஆன் பரேட்' சோலோவை முதலில் கேட்டபோது இசைக்குழுவில் ஒரு டிஜே இருக்கிறார் என்றே நம்பினேன். மேடை வீடியோ பார்த்தபின்தான் புரிந்தது. அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை திருப்பி ஓட்டியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

1992-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே சாம்பிள் (வேறு பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டிருப்பார்கள். கேட்பவர் நம்பமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! டிம் காமர்ஃபோர்டின் பேஸும் பிராட் வில்க்கின் டிரம்ஸும் அப்படித்தான், ஒரே ரிஃப்பை, அதாவது சின்ன இசைத் துணுக்கை, லூப் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். மெட்டலின் வேகத்தை அவர்கள் துரத்தவே இல்லை. நிதானமாக நடந்து, பாடகர் ஸாக் டி லா ரோச்சா மூச்சுவிட இடம் தருவார்கள்.

அவர்கள் பாட்டில் இருக்கும் கோபத்தையும் சொல்ல வேண்டும். அது லாஸ் ஏஞ்சலஸ் இசைக்குழு. ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை ஜூரி தண்டிக்காமல் விட்டதும் அந்த ஊர் பற்றி எரிந்ததும், 50-க்கும் மேற்பட்டோர் செத்ததும் அதே 1992-ல்தான். ஆல்பம் வந்தது நவம்பரில். அட்டையில் 1963-ல் சைகோன் தெருவில் தீக்குளித்த பௌத்தத் துறவி திச் குவாங் டக்கின் படம். மால்கம் பிரவுன் எடுத்தது. பின்னால் வந்த ராப்-மெட்டல் கூட்டத்தின் கத்தலை இதோடு சேர்த்துப் பேசும்போது எனக்கு வலிக்கிறது. அங்கே பலருக்கும் கோபம் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1993-ல் பிலடெல்பியாவில் லொல்லபலூசா இசைவிழா மேடையில் ஒரு பாட்டுகூடப் பாடாமல் கால் மணி நேரம் போல நிர்வாணமாக நின்றார்கள். வாயில் டேப். நான்கு பேர் மார்பிலும் பி, எம், ஆர், சி என்று ஆளுக்கொரு எழுத்து. ஆல்பங்களில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டவைத்த பெற்றோர் அமைப்பின் பெயர்ச் சுருக்கம் அது; அதற்குத்தான் எதிர்ப்பு. கிட்டார்கள் மட்டும் ஃபீட்பேக்கில், ஒலிபெருக்கியின் சத்தமே திரும்ப நுழைந்து எழுப்பும் கீச்சொலியில், கதறிக்கொண்டிருந்தன. முதலில் ஆரவாரம் செய்த கூட்டம் போகப்போகக் கூச்சல் போட்டது. இறங்கவில்லை, நின்றார்கள்.

இன்று ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு முதல் ஆல்பத்தின் 'நோ யுவர் எனிமி' பாட்டின் தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். துடிதுடிக்கிறதே அந்தச் சத்தம், அதுவும் அந்தச் சின்ன ஸ்விட்ச்தான்.