தோட்டத்தை விற்றுவிட்டுக் கனடா போக வேண்டுமா?

குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறுவதைப் பற்றி எங்கள் அவிநாசி வட்டாரத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் சம்பளம், குளிர், பிள்ளைகளின் படிப்பு என்பவற்றோடு நின்றுவிடுகிறது. நானும் மனைவியும் கனடாவுக்கு விண்ணப்பிப்பது குறித்துக் கொஞ்ச நாளாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதால், யாரும் வெளிப்படையாக எடுக்காத தோட்டத்துக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

குடியேற விண்ணப்பிப்பவர்களைக் கனடா மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று பெயர். 2015இல் தொடங்கிய இந்த முறையில், கணவனோ மனைவியோ உடன்வர விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்காக மட்டும் 100 மதிப்பெண் உண்டு. 35இல் அது 70, 40இல் 45, 45 வயதானால் ஒன்றுமில்லை. ஆகவே அவசரப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரத்தில்தான் நிலத்துக்கு விலை பேச ஆள் வருகிறது. அங்கே வேலை உறுதியாகாமல் போகிறவர்களில் பெரும்பாலோர், குடும்பத்தை நடத்தப் போதுமான பணம் கையிருப்பில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதைக் கடன் வாங்கிக் காட்டக் கூடாது, வீடு நிலத்தின் மதிப்பைச் சேர்க்கவும் முடியாது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கோ சொத்தெல்லாம் மண்ணாகவே இருக்கிறது. ‘ஒரு ஏக்கராவக் குடுத்துப்போட்டுப் போ, சம்பாரிச்சு வந்து ரெண்டா வாங்கிக்கலாம்’ என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள்.

அப்படி வாங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். வெளிநாட்டில் குடியிருப்பவர், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், தனி அனுமதியின்றி இங்கே விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவருக்கும் இதே கட்டுப்பாடுதான். இங்கே குடியிருந்தபோதே வாங்கிய நிலத்தையும், பெற்றவர்களிடமிருந்து வாரிசாக வரும் நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். விற்றது விற்றதுதான், முழுமையாகத் திரும்பி வந்து குடியிருக்கும் வரை வேறொரு துண்டுகூட வாங்க வழியில்லை.

அப்பாவின் கணக்கு வேறு. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரை எடுத்துவிடுவது இன்றும் அவர்தான். கைப்பேசியிலிருந்தே ஓட விடும் கருவியை மாட்டிக் கொடுத்தேன். மோட்டார் ஓடுகிறது என்று அதில் தகவல் வந்த பிறகும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், குழாயில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். சூப்பர் விசாவில் பெற்றோரை ஒரே மூச்சில் 5 ஆண்டுகள் வரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. காலையில் எழுந்து அவர் எங்கே போவார் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். (அம்மா சமாளித்துக்கொள்வார், பேத்தி இருந்தால் அவருக்குப் போதும்.)

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிரந்தரக் குடியிருப்பு உரிமையையும் குடியுரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிப் பயம் குறையும். முதலாவதைத் தக்கவைக்க 5 ஆண்டுகளில் 730 நாட்கள் அங்கே இருந்தால் போதும். இந்தியக் கடவுச்சீட்டு கையிலேயே இருக்கும், மனம் மாறினால் திரும்பிவிடலாம். இரண்டாவதை வாங்கினால், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அதை மகள் வளர்ந்த பிறகு அவளையும் கேட்டே முடிவு செய்வோம்.

இப்போதைக்கு, நிலத்தில் கை வைக்காமல் சம்பளச் சேமிப்பிலிருந்தே கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை சேர்ந்தால் விண்ணப்பிப்பது, சேராவிட்டால் கோவையிலேயே வேலையைத் தொடர்வது என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறோம். நாங்கள் கிளம்பும்படி ஆனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதா, பங்காளி வீட்டாரிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விடுவதா என்பதை அப்பா சொல்லட்டும். பண்ணையம் பார்க்கிறவர் அவர்.