எந்த மலை மறைக்கிறது?

“மலை மறைக்கிறது சார்.” வேன் ரேடியோவில் ஏன் வெறும் இரைச்சல் என்று கேட்டதற்கு, அதற்கு ஆண்டெனா மாட்டிய மகானுபாவர் போனில் அருளிய வாக்கு. நான் நின்றுகொண்டிருந்தது ஏற்காடு லேடீஸ் சீட்டில். காலடியில் சேலம் மொத்தமும் விளக்கேற்றிக்கொண்டு கிடக்கிறது. பண்பலை நேர்கோட்டில் வருவது. எனக்கும் ஊருக்கும் நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. எந்த மலை ஐயா மறைக்கிறது? நான் ஏறி நிற்கிற மலையா?

பழைய வேனில் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிறோம். கூரை ஃபைபர். “அடியில் ஒரு தகடு வையுங்கள் அண்ணா” என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கம்பி பாதி ஆண்டெனாதான். அடியில் பரந்திருக்கும் உலோகம் மறுபாதி. தகரக் கூரை என்றால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபைபருக்கு நாம்தான் தகடு வைத்து, கேபிளின் வெளிப் பின்னலை அதில் சேர்த்து முடுக்க வேண்டும். நான் பேசப் பேச அவர் டிரில்லை எடுத்தார். “20 வருஷமாக மாட்டுகிறேன் சார்.” மாட்டியவர்களின் கதி தெரியவில்லை.

அப்புறம் கடை வாசலிலேயே சோதனை. உள்ளூர் நிலையத்தை வைத்து ஒலியைக் கூட்டினார். “கேட்கிறதா?” கேட்காமல் என்ன? நிலையம் இருக்கிற ஊருக்குள் நின்று வைத்தால் துணிக்கொடிக் கம்பியில்கூடக் கேட்கும்! “கொடைக்கானல் பண்பலை, 100.5 வையுங்கள்” என்றேன். “அது ராத்திரியில்தான் நன்றாக வரும் சார்.” ராத்திரியில் தூரத்திலிருந்து வந்து சேர்வது மத்திய அலை. பண்பலைக்கு ராத்திரி என்ன, பகல் என்ன? அதைச் சொல்வதற்குள் பில் கைக்கு வந்துவிட்டது.

கொண்டை ஊசி வளைவுகளில் பாட்டு விட்டுவிட்டு வந்ததை மன்னிக்கிறேன். அங்கே மலை உண்மையாகவே மறைக்கிறது. உச்சிக்கு வந்த பிறகும் உஸ்ஸென்ற இரைச்சல்தான். என் மனைவி தன் பழைய பட்டன் போனில் இயர்போனைச் செருகினார். அந்த வயர்தான் அதற்கு ஆண்டெனா. பாட்டு கணீரென்று வந்தது. “காசு எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று வேறு கேட்டார்.

கூரையின் உள்பலகையைக் கழற்றினேன். தகடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கேபிளின் பின்னலை முறுக்கி, எதிலும் இணைக்காமல், கறுப்பு டேப்பைச் சுற்றி, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் கட்டுவதுபோல் அத்தனை பக்குவமாக முடிந்து வைத்திருந்தார். அந்தப் பக்குவத்தில் கால்வாசியை ஓட்டையை அடைப்பதில் காட்டியிருக்கலாம். நள்ளிரவு மழை நேராக என் தலையணையில் சொட்டியது.

காலையில் மறுபடி போன் போட்டேன். “கீழே வாருங்கள் சார், பூஸ்டர் வைத்துவிடலாம். அதற்குத் தனி.” இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்க நான் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம்! சிரிப்பு வந்துவிட்டது. ஈரத் தலையணையோடு இருவரும் சிரித்தோம்.

கீழே இறங்கியதும் பசி. தட்டுவடை செட் வாங்கினேன். இந்தக் கேரட், பீட்ரூட் துருவலுக்கு என்ன கேடு வந்தது? இரண்டு தட்டைக்கு நடுவே பெயருக்கு நாலு இழை. மீதி முழுக்கச் சட்னி. சேலத்தில் இதைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் இல்லையா?